சிறு கச்சேரிக்கு ஏற்ற ஒலிபெருக்கி

நாள் முழுவதும் உழைத்த மக்கள் மாலையில் ஓரிடத்தில் கூடிப் பாட்டும் கதையும் கேட்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு கலையும் பொழுதுபோக்கும் கிராம வளர்ச்சியின் ஓர் அங்கமாகவே கொள்ளப்பட்டன. அவ்வாறு கூடும் சபையில், பாடுவோரின் குரல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் கேட்கவேண்டும். இவ்வெளிய தேவைக்கு எத்தகைய ஒலிபெருக்கி போதும், அதனைக் குறைந்த செலவில் எங்ஙனம் தேர்ந்தெடுப்பது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இதற்குச் சென்னை நகரின் வடபகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரை, தொழிலும் இசையும் ஒருங்கே வளர்ந்த நிலம். ராயபுரம் இரயில் நிலையம் 1856-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எண்ணூரில் 1948-ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. 2001-ஆம் ஆண்டு எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகிய நகராட்சிகள் 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டன. முகத்துவாரத்துக்கு வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி முதலிய ஊராட்சிகள் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. நகரமாயினும் ஊராட்சியாயினும் கேட்கும் ஓசைகள் ஒன்றே: கடல் அலை, கன்டெய்னர் லாரி, சங்கொலி, இயந்திர முழக்கம்.

இவ்வோசைகளுக்கு நடுவேதான் இப்பகுதியின் இசை வாழ்கிறது. திருவொற்றியூரில் எழுந்தருளியுள்ள திரிபுரசுந்தரி அம்மனைப் போற்றித் தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று இசையுலகம் போற்றுகிறது. இன்றும் கோயில் மண்டபங்களில் பஜனை நடைபெறுகிறது. தேவாலய வளாகங்களில் கீர்த்தனை பாடப்படுகிறது. தர்காக்களில் இஸ்லாமியப் பாடல் ஒலிக்கிறது. பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெறுகிறது. குப்பங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் கானாப் பாட்டு செழித்துள்ளது. 2017-ஆம் ஆண்டு உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திக் கானாவைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தது. அக்குழுவின் பாடகியும் வடசென்னையில் வளர்ந்தவருமான இசைவாணி, 2020-ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கானாவாயினும் பஜனையாயினும் கூத்தாயினும் அவற்றின் உயிர் சொல்லில் இருக்கிறது. தாளம் மட்டும் கேட்டுச் சொல் கேளாமற்போனால் அந்நிகழ்ச்சி பாதிதான் நடந்தது என்க.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், இரண்டு பாடகர், நூறு கேட்போர். இவர்களுக்காக ஆள் உயரப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பின்வரிசையினர், 'என்ன பாடுகிறார்கள்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு வசூலித்த பணத்தில் பெரும்பகுதி மைக் செட் வாடகைக்குப் போய்விடுகிறது. பாடியவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். ஓசை கூடினால் தெளிவும் கூடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறு என்பதைக் கணக்குக் கொண்டே காட்டலாம்.

கூம்புக் குழாயின் வரலாறு

மின்சாரத்தால் குரலைப் பெருக்கிப் பொதுமக்கள் கூட்டத்துக்குக் கேட்பிக்கும் முயற்சி, 1915-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வெற்றிகரமாக நிகழ்ந்தது. சென்னை மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி, 1938-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி பொறுப்பேற்கும் வரை நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்களும் பொது இடங்களில் வைத்த ஒலிபெருக்கிகளின் வாயிலாக அதனைக் கேட்டனர். பின்னர்ப் பொதுக்கூட்டம், திருமணம், திருவிழா என்று கூம்புக் குழாய் எங்கும் பரவியது.

கூம்புக் குழாயின் சிறப்பு யாதெனில், மிகக் குறைந்த மின்சக்தியில் மிகுந்த ஓசை தருவதாகும். அக்காலத்து ஆம்பிளிஃபயர்கள் சிறியவை. ஆகையால் அது வேண்டியிருந்தது. ஆனால் அது ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே செவ்வையாகத் தரும். டோலக்கின் அடிநாதமும் ஆண் குரலின் கனமும் அதில் அடிபட்டுப் போகும். அறிவிப்புக்கு அது பொருந்தும், இசைக்குப் பொருந்தாது. மேலும் அதன் ஓசை நெடுந்தொலைவு சென்று, கேட்க விரும்பாதோரையும் துன்புறுத்தும். இக்காரணத்தால் காவல் துறையினர் கூம்புக் குழாய்க்குப் பொதுவாக அனுமதி அளிப்பதில்லை.

ஒலியின் கணக்கு

ஓசையின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும்போது ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். இவ்வலகைப் பற்றி மூன்று விதிகளை நினைவிற்கொண்டால் போதும்.

முதலாவது, திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஓசை 6 டெசிபல் குறையும். இரண்டாவது, மின்சக்தியை இரு மடங்காக்கினால் ஓசை 3 டெசிபல் மட்டுமே கூடும். மூன்றாவது, ஓசை இரு மடங்கானதாக நம் காதுக்குத் தோன்றவேண்டுமாயின் சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். ஆகவே 100 வாட் பெட்டிக்குப் பதிலாக 200 வாட் பெட்டி வாங்குவோர், பணத்தைக் கூடுதலாகக் கொடுத்துச் சிறிதளவு ஓசையையே கூடுதலாகப் பெறுகின்றனர்.

ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் 'சென்சிட்டிவிட்டி' என்ற ஓர் எண் உண்டு. ஒரு வாட் மின்சக்தி கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தரும் என்பதே அது. இந்த எண் 92 உள்ள பெட்டிக்கும் 98 உள்ள பெட்டிக்கும் வேறுபாடு 6 டெசிபல். எனவே 98 எண்ணுள்ள பெட்டி 50 வாட்டில் தரும் ஓசையை, 92 எண்ணுள்ள பெட்டி 200 வாட்டில்தான் தரும். விளம்பரத்தில் வாட் எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். இந்த எண்ணையோ சிறிதாக அச்சிடுகிறார்கள். வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது சிறிதாக அச்சிட்டதையே.

இனி ஒரு குப்பத்துக்கு வேண்டிய அளவைக் கணக்கிடுவோம். சுற்றுப்புற ஓசை 60 டெசிபல் என்றும், கடைசி வரிசை ஒலிபெருக்கியிலிருந்து 16 மீட்டர், அதாவது சுமார் 50 அடி தொலைவில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சொல் தெளிவாகக் கேட்கச் சுற்றுப்புற ஓசையைவிட 15 டெசிபல் கூடுதலாக வேண்டும் எனக் கொண்டால், கடைசி வரிசையில் 75 டெசிபல் தேவை. ஒரு மீட்டரிலிருந்து 16 மீட்டருக்குப் போகையில் தூரம் நான்கு முறை இரட்டிக்கிறது. எனவே 24 டெசிபல் குறையும். ஆகையால் ஒரு மீட்டரில் 99 டெசிபல் வேண்டும். 95 எண்ணுள்ள பெட்டியில் இதனைப் பெற இரண்டரை வாட் போதும்! பாடகர் திடீரெனக் குரலை உயர்த்தும்போதும் டோலக்கில் ஓங்கி அடிக்கும்போதும் ஒலி உடையாமலிருக்கப் பத்து மடங்கு இடம் விட்டால் 25 வாட். அதற்கும் மேலாகப் பாதுகாப்புக்கு நான்கு மடங்கு விட்டால் 100 வாட். நூறு, நூற்றைம்பது பேர் அமரும் சபைக்கு உண்மையான 100 வாட் உள்ள ஒரு பெட்டி, அகலமான இடமாயின் இரண்டு பெட்டிகள், தாராளமாகப் போதும் என்பது இதனால் விளங்கும்.

'உண்மையான' என்ற சொல்லைக் கருதியே இட்டோம். 'ஆர்.எம்.எஸ்.' என்றோ 'தொடர் திறன்' என்றோ குறிப்பிட்டுள்ள வாட் எண்ணே நம்பத்தக்கது. 'பீக்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் அதன் இரண்டு அல்லது நான்கு மடங்காக இருக்கும். 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை ஒரு பொருட்டாகவே கொள்ளவேண்டாம்.

பெட்டிகளின் வகைகள்

சிறு கச்சேரிக்கு 10 அங்குலம் அல்லது 12 அங்குல ஸ்பீக்கரும், மேல் சுருதிக்குத் தனியாகச் சிறு ஸ்பீக்கரும் கொண்ட பெட்டி ஏற்றது. 8 அங்குலப் பெட்டி, ஐம்பது பேர் கூடும் அறைக்குப் போதும். 15, 18 அங்குலப் பெட்டிகள் இயந்திர இசைக்கு உரியவை. அவற்றைச் சுமப்பதற்கே நான்கு ஆள் வேண்டும்.

ஆம்பிளிஃபயர் உள்ளேயே அமைந்த பெட்டி ஒருவகை. ஆம்பிளிஃபயரைத் தனியாக வைத்து இணைக்கும் பெட்டி மற்றொரு வகை. புதிதாக வாங்கும் சிறு குழுவுக்கு முதல் வகையே ஏற்றது. மைக் இணைக்க இரண்டு துளைகள் அதிலேயே இருக்குமாயின் தனி மிக்ஸர் வேண்டியதில்லை. தவறான இணைப்பால் பெட்டி எரியும் அச்சமும் குறைவு. ஏற்கனவே நல்ல ஆம்பிளிஃபயர் உள்ள ஊரில் இரண்டாவது வகை சிக்கனமாகும். ஒரு எச்சரிக்கை: ஊராட்சி அலுவலகங்களில் அறிவிப்புக்காக உள்ள பழைய ஆம்பிளிஃபயர்களில் நீண்ட கம்பிக்கென '100 வோல்ட்' இணைப்பு இருக்கும். அதில் சாதாரண 8 ஓம் பெட்டியை மாட்டினால் பெட்டியோ ஆம்பிளிஃபயரோ கெடும்.

நெடிய குறுகிய தூண் வடிவப் பெட்டி, ஒலியைப் பக்கவாட்டில் விரித்து, மேலும் கீழும் சிதறாமல் அனுப்புகிறது. கல் மண்டபம், தேவாலயம், ஓட்டுக் கூடம் ஆகிய எதிரொலி மிகுந்த இடங்களில் சொல் தெளிய இது உதவும். மின்கலத்தால் இயங்கும் பெட்டி, மின்சாரம் இல்லாத கடற்கரை மணலுக்கும் தெருமுனை நிகழ்ச்சிக்கும் ஏற்றது. புயல் எச்சரிக்கை அறிவிக்கவும் கைகொடுக்கும். ஆனால் முழு ஓசையில் வைத்தால் மின்கலம் விரைவில் தீரும். மூன்று மணி நேர நிகழ்ச்சியை முழுவதும் ஓட்டிப் பார்த்த பின்னரே அதனை நம்பவேண்டும்.

நாதசுரம், தவில், பறை ஆகியவற்றுக்குச் சிறு சபையில் ஒலிபெருக்கியே வேண்டியதில்லை. இயற்கையாகவே ஓங்கி ஒலிக்கும் கருவிக்கு மைக் வைத்து, பின்னர் அதற்கு ஈடாகக் குரலை உயர்த்துவது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றதாகும்.

மைக்கும் கூச்சலும்

பெட்டியைப் போலவே மைக்கும் முக்கியம். எல்லாப் பக்க ஒலியையும் வாங்கும் மைக் சபைக்கு ஆகாது. முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் 'கார்டியாய்டு' வகை டைனமிக் மைக்கே வேண்டும். அது விழுந்தாலும் எளிதில் கெடாது. கடற்காற்றையும் ஓரளவு தாங்கும்.

மைக்கிலிருந்து வாய் இருக்கும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மின்செலவு ஏதுமின்றி 6 டெசிபல் கிடைக்கும். எனவே பாடகர் நான்கு விரற்கடை தூரத்தில் நின்று பாடுவது நல்லது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் வழக்கத்தை விடவேண்டும். அவ்வாறு பிடித்தால் அது எல்லாப் பக்க ஒலியையும் வாங்கும் மைக்காக மாறி, 'கூ' என்ற கூச்சல் எழும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரு மடங்கானால், கூச்சலின்றிப் பெறக்கூடிய ஓசை 3 டெசிபல் குறையும். பாடாதவர் மைக்கை அணைத்து வைப்பதும், இரண்டு பக்கப்பாட்டுக்காரர் ஒரே மைக்கில் பாடுவதும் இதனால் நன்மை பயக்கும்.

இடமும் உயரமும்

நல்ல பெட்டியையும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. தரையில் வைத்த பெட்டியின் ஒலி முன்வரிசையினரின் உடலில் மோதி நின்றுவிடுகிறது. அதனை 7 அல்லது 8 அடி உயரத் தாங்கியில் வைத்து, முகப்பைச் சற்றுக் கீழ்நோக்கிக் கடைசி வரிசையின்பால் சாய்த்தால், சொல் எல்லோர் தலைக்கும் மேலாகச் சென்று சேரும். மேலே கண்ட கணக்கின்படி, 2 மீட்டரில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு 93 டெசிபல் கேட்கும். உயரத்தில் வைத்து முன்வரிசையை 4 மீட்டர் தள்ளி அமைத்தால் அது 87 ஆகக் குறையும். கடைசி வரிசைக்கோ குறைவு ஏதும் நேராது. ஒரு தாங்கியின் விலையில் இத்தகைய பயன் வேறெதிலும் கிட்டாது.

பெட்டி எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையின் பக்கம் இருக்கவேண்டும். மைக்கின் பின்னால் வைத்தால் கூச்சல் உறுதி. கூட்டம் நீண்டு 100 அடிக்கு மேல் போகுமாயின் ஓசையைக் கூட்டாமல், நடுவில் சிறு பெட்டி ஒன்றை வைக்கவேண்டும். ஒலி 34 மீட்டர் செல்லச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகும். எனவே அந்த இரண்டாவது பெட்டிக்குத் தாமதம் அமைக்கும் வசதி இராவிடில் ஒரே சொல் இருமுறை கேட்கும். அவ்வசதி இல்லாதோர் மக்களை நெருங்கி அமரச் செய்வதே சிறந்த வழி.

கடற்கரைக் குப்பத்தில் இடமிருந்தால், பெட்டியின் முகம் கடலை நோக்கும்படி மேடை அமைக்கலாம். சபையைத் தாண்டிச் செல்லும் ஒலி கடலின் மேல் போகும். வீடுகளில் உள்ள நோயாளிக்கும் படிக்கும் மாணவர்க்கும் தொல்லை குறையும். ஐம்பது அடிக்குள் கடற்காற்று ஒலியைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆனால் மைக்கில் காற்று மோதி எழும் 'புஸ்' என்ற இரைச்சலைத் தடுக்கப் பஞ்சுறை போடவேண்டும்.

உப்புக் காற்றும் மின்சாரமும்

எண்ணூர்க் கடற்கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை மீனவ மக்களுக்கு நாம் கூறவேண்டுவதில்லை. மரத்தூள் பலகையில் செய்த பெட்டி ஈரத்தால் ஊதிப் பிளக்கும். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி நீடிக்கும். உள்ளே விசிறி சுழலும் பெட்டி உப்புக் காற்றையும் மணலையும் உள்ளிழுக்கும். விசிறியில்லாத பெட்டி மேல். நிகழ்ச்சி முடிந்ததும் சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுமுறை துடைத்து, உறையிட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கவேண்டும். சதுப்பு நிலத்தில் பெட்டி மழைக்காலம் முழுவதும் கிடந்தால் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும். மாதம் ஒருமுறை எடுத்து அரைமணி நேரம் இயக்கினால் ஈரம் நீங்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. தெருவிளக்குக் கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுப்பது குற்றம். ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று மைக்கைப் பிடிக்கும் பாடகரின் உயிருக்கும் அது கேடு. மூன்று முனைப் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இருத்தல் இன்றியமையாதது. இரைச்சல் வருகிறதென்று எர்த் முனையை ஒடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எக்காரணம் கொண்டும் அதனைச் செய்யலாகாது. மின்கசிவு ஏற்பட்டவுடன் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. சாதனத்தையும் செட்டோடு சேர்த்தே வாங்குக.

சட்டம் கூறுவது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அதிகாரம் பெற்றவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைத்தல் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை உண்டு. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என அளவு விதிக்கப்பட்டுள்ளது. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் ஓசை, அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75 டெசிபல், இவ்விரண்டில் குறைந்ததைத் தாண்டலாகாது.

நமது கணக்கில் 16 மீட்டரில் 75 டெசிபல் கண்டோம். அதே ஒலி 50 மீட்டரில் 65 ஆகக் குறைந்துவிடும். அஃதாவது குடியிருப்புப் பகுதியில் பொது இடத்தின் எல்லைக்குப் பகலில் அனுமதித்த அளவுக்கு உட்படுகிறது. சபைக்குப் போதுமான ஓசையோடு நிறுத்திக்கொள்வோர், போதிய இடமுள்ள திடலில் சட்டத்தையும் எளிதில் காக்கலாம். குறுகிய தெருவில் மக்களை இன்னும் நெருங்கி அமர்த்தி ஓசையைக் குறைக்கவேண்டும்.

செவியின் நலமும் இதில் அடங்கியுள்ளது. பகலில் இயந்திரங்களின் பேரோசையில் உழைப்போர் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். மாலையிலாவது அவர்களுடைய செவிக்கு ஓய்வு வேண்டாமா? இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி ஓசை 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வரையறுத்தது. அஃது உச்ச வரம்பேயன்றி இலக்கு அன்று. நம் சிறு சபைக்கு அதில் பாதி ஓசைகூட வேண்டியதில்லை.

வாங்குவதா, வாடகையா?

ஒரு செட்டின் விலை 40,000 ரூபாய் என்றும், ஒருநாள் வாடகை 2,500 ரூபாய் என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 16 நாள் வாடகை விலைக்குச் சமமாகிறது. ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சி நடத்தும் ஊர் வாடகைக்கு எடுப்பதே மேல்; நான்கு ஆண்டில் பழுதுச் செலவும் சேர்ந்துவிடும். ஆண்டுக்குப் பதினாறு நிகழ்ச்சி நடத்தும் ஊர், ஓராண்டில் போட்ட முதலை மீட்கும். தத்தம் ஊரின் விலையையும் வாடகையையும் இட்டு இக்கணக்கைச் செய்து பார்க்கவேண்டும்.

நிகழ்ச்சி குறைவான ஊர்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு செட் வாங்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, ஆண்டில் ஆறுமுறை கூடும் கிராம சபை ஆகிய அனைத்துக்கும் அதே செட் பயன்படும். கிராம சபையில் வரவு செலவு படிக்கும் குரல் பின்னால் நிற்கும் பெண்களுக்குக் கேளாமற்போனால், அவர்கள் எங்ஙனம் கேள்வி எழுப்புவர்? பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, யார் எடுத்தார், எந்நிலையில் திருப்பினார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வருவது சச்சரவைத் தவிர்க்கும்.

கையிலுள்ள பணத்தை நூறு பங்காகக் கொண்டால், பெட்டிக்கு 50, மைக்குக்கு 15, தாங்கிக்கும் கம்பிகளுக்கும் 15, மின்பாதுகாப்புக்கு 10, உறைக்கும் பழுதுச் சேமிப்புக்கும் 10 என்று பகிர்வது ஒழுங்காகும். முழுப் பணத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு, அறுந்த கம்பியோடும் கடன் வாங்கிய மைக்கோடும் திண்டாடும் குழுக்களைக் காண்கிறோம்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

சென்னை ரிச்சி தெரு போன்ற அங்காடியில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், கடைக்காரர் போட்டுக் காட்டும் சினிமாப் பாட்டைக் கேட்டு முடிவு செய்யலாகாது. பாட்டு ஏற்கனவே நமக்குத் தெரிந்திருப்பதால் கேளாத சொல்லும் கேட்டதாகவே தோன்றும். அதற்குப் பதிலாக ஓர் எளிய சோதனையைக் கூறுகிறோம்.

'கல், சொல், நெல், வில், பல்' என்றும், 'மலை, மழை, பலம், பழம், தாள், தாழ்' என்றும் ஒலியில் ஒத்த இருபது சொற்களைக் காகிதத்தில் எழுதுக. உங்கள் குழுவின் பாடகர் ஒருவர் அவற்றை வரிசை மாற்றி மைக்கில் படிக்கட்டும். மற்றொருவர் ஐம்பது அடி தள்ளி, பெட்டிக்கு முதுகு காட்டி நின்று, காதில் விழுந்ததை எழுதட்டும். ஆண் குரலில் ஒருமுறையும் பெண் குரலில் ஒருமுறையும் செய்க. இருபதில் பதினெட்டுக்குக் குறையாமல் சரியாக இருந்தால் அப்பெட்டி உங்களுக்கு உதவும். குறைந்தால் ஓசையைக் கூட்டிப் பார்த்து ஏமாறாமல் வேறு பெட்டியைக் கேளுங்கள். உத்தரவாதச் சீட்டு, பழுது பார்க்கும் இடம், மாற்று ஸ்பீக்கர் கிடைக்குமா என்ற மூன்றையும் விசாரித்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும்.

2015-ஆம் ஆண்டு, சென்னை பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கருநாடக இசையைச் சபாக்களின் மூடிய அரங்கிலிருந்து மீனவர் குடியிருப்பின் திறந்த வெளிக்குக் கொண்டுவந்தது. நுண்ணிய இசையும் கடலோரத் தெருவில் அரங்கேறலாம் என்பதற்கு அது சான்று. அத்தகைய மாலைகள் காசிமேட்டிலும் காட்டுப்பள்ளியிலும் அமையக் கூடாதா? நான்கு ஆள் சுமக்கும் பெட்டிகள் அதற்கு வேண்டியதில்லை. அளவான ஒரு பெட்டி, ஒரு நல்ல மைக், எட்டடித் தாங்கி, பாதுகாப்பான மின் இணைப்பு ஆகியவை போதும். மீதமாகும் பணத்தைப் பாடியவர்களுக்குக் கொடுங்கள். ஊரின் இசை மேன்மேலும் வளர அதுவே வழியாகும்.